பார்க்காமல் போட்ட கையெழுத்து

போதகர் அந்த அட்டையைக் கொடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்தே நீராவி அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. உச்சியில் ‘விசுவாசம்’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழே நல்லொழுக்கம், அறிவு, தன்னடக்கம், பொறுமை, பக்தி, சகோதர நேசம், அன்பு என்று ஏழு கட்டங்கள். வீட்டுக் கூட்டத்தில் வாரம் ஒரு குணத்தைப் பற்றிப் போதகர் பேசுவார். அடுத்த வாரம் வரும்போது, அந்தக் குணத்தில் வளர்ந்திருக்கிறோம் என்று மனசாட்சி சொன்னால் அவரவர் கட்டத்தில் அவரவரே ஒரு டிக் போட்டுக்கொள்ள வேண்டும். விசுவாசம் பலப்பட வேண்டுமானால் அன்றாடம் நம் குணம் பலப்பட வேண்டும் என்பது போதகரின் எண்ணம். எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் டிக்கில்தான் இருந்தது.

யார் யார் எதற்கு டிக் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். கூட்டம் நடக்கிற வீட்டின் சொந்தக்காரர் ஒன்பது வருஷமாகக் கூடப் பிறந்த தங்கையோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. சகோதர நேசத்தில் டிக். பாடல் குழுத் தலைவர், முன்னால் போகிற வண்டி ஒரு நொடி தயங்கினாலும் ஹாரனிலிருந்து கையை எடுக்காதவர். பொறுமையில் டிக். எட்டாவது வாரத்துக்குள் எல்லாருடைய அட்டையும் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் பரீட்சைத் தாளாக ஆகியிருந்தது.

நீராவி அக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரகமில்லை. எழுந்து கேட்டே விட்டாள்.

“ஐயா, நமக்கு நாமே டிக் போட்டுக்கிட்டா எப்படி? எங்க வேலையில கருவிக் கட்டு தனக்குத் தானே ‘நான் சுத்தம்’னு எழுதி ஒட்டிக்காது. நாங்க பிரிச்சுப் பார்ப்போம்.”

எல்லாரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துப் பழகியவர் என்பதால் அக்காவின் கோபம் அவருக்கு ஒரு பொருட்டில்லை.

“எனக்கு வர்றது நியாயமான கோபம்,” என்றாள் அக்கா. “ஆண்டவரே கோயில்ல மேசையைக் கவிழ்த்தவர்தானே?”

“அவர் ஒண்ணு ரெண்டு தடவை கவிழ்த்தார். நீ வாரத்துக்கு மூணு தடவை கவிழ்க்கிறே,” என்றார் கணவர், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

அக்காவின் அட்டையில் பொறுமைக் கட்டமும் தன்னடக்கக் கட்டமும் காலியாக இருந்தன. அதில் அவளுக்கு வெட்கமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. பொய் டிக் போடாத ஒரே ஆள் நான்தான் என்பது அவளுடைய எட்டாவது கட்டம். அதை யாரும் அச்சடிக்கவில்லை, அவளே வரைந்து அவளே டிக் போட்டுக்கொண்டது.

அவள் வேலை செய்வது ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், கிருமிநீக்க அறையில். அறுவைக்குப் பயன்பட்ட கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ஒரு பக்க வாசல் வழியாக ரத்தக் கறையோடு உள்ளே வரும். கழுவி, காய வைத்து, எண்ணி, துணியில் கட்டி, நாடா ஒட்டி, ஆள் உயர இயந்திரத்துக்குள் அடுக்கிக் கதவைத் திருகி மூடினால், கொதிக்கிற நீராவி மிச்சமிருக்கிற கிருமிகளைத் தீர்த்துக் கட்டும். பிறகு மறுபக்க வாசல் வழியாக மேலே அறுவை அரங்குக்குப் போகும். இருபத்தாறு வருஷமாக அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று முகம் வெந்துபோனதால்தான் அவளுக்கு நீராவி அக்கா என்று பெயர். எரிந்து விழுகிற குணத்துக்கும் அந்தப் பெயர் பொருந்திப்போனதால் மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. கட்டின்மேல் ஒட்டுகிற நாடாவில் வெளிறிய கோடுகள் இருக்கும். இயந்திரத்துக்குள் போய் வந்தால் அவை கறுத்துவிடும். பார்க்கிறவர்கள் ‘ஆகா, சுத்தமாகிவிட்டது’ என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தக் கறுப்பு சொல்வதெல்லாம் ‘இந்தக் கட்டு சூட்டுக்குள் போய் வந்தது’ என்பதை மட்டும்தான். நீராவி துணியைத் தாண்டிக் கருவிவரைக்கும் போனதா என்பதை நாடா சொல்லாது. அதற்கென்று, ஒரு தடவைக்கு உள்ளே அடுக்குகிற ஒவ்வொரு லோடிலும் ஒரு சோதனைக் கட்டு வைப்பார்கள். இயந்திரத்தின் அடியில், கதவோரத்தில், நீராவி போய்ச்சேரச் சிரமப்படுகிற மூலையில் அதை வைப்பார்கள். அதன் நடுவில் மஞ்சள் காகிதத் துண்டு ஒன்று இருக்கும். லோடு வெளியே வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டைப் பிரித்து, துண்டு முனைவரை கறுத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒரு கட்டாவது மாடி ஏறலாம்.

இந்தக் கையெழுத்து விஷயத்தில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா ஒரு ஆளை நார் நாராகக் கிழித்தாள். அந்த ஆள் மடிப்பு அண்ணன். துணி மடித்துக் கட்டுகிற வேலை. அக்காவைவிட நாலைந்து வயது சின்னவர். அதிர்ந்து பேசாத மனிதர். லோடு இன்னும் இயந்திரத்துக்குள் இருக்கும்போதே ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததாம். அக்கா கையும் களவுமாகப் பிடித்தாள். பிடித்தது சரி. மேலாளரிடம் சொன்னதும் சரி. ஆனால் அதற்கு முன்னால், காலை ஷிப்ட்டும் மாலை ஷிப்ட்டும் மாறுகிற நேரமாகப் பார்த்து, லிஃப்ட் வாசல் நடைபாதையில் அவரை நிறுத்தி, “பொய்க் கையெழுத்துக்காரன்” என்று எல்லார் முன்னாலும் தாம்தூம் என்று குதித்தாளே, அது எந்த விதிப் புத்தகத்தில் இருந்தது? மடிப்பு அண்ணன் தலையைக் குனிந்தபடி நின்றார். அவருடைய கோப்பில் ஒரு எச்சரிக்கைக் காகிதம் ஏறியது. வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அக்கா அன்றிரவு நிம்மதியாக ஜெபம் பண்ணிவிட்டுத் தூங்கினாள்.

கூட்டத்தில் அவள் எழுந்து கேட்டதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அவளைப் பிடித்தது அதே நியாயமான கோபம்தான். மடிப்பு அண்ணன் கட்டிய ஒரு கட்டைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

“தம்பி, என்ன கட்டு இது? இப்படி இறுக்கிக் கட்டினா நீராவி எந்த வழியா உள்ளே போகும், சொல்லு.”

“எப்பவும் போலத்தான்க்கா கட்டியிருக்கேன்.”

“எப்பவும் போலத்தான்னா, எப்பவும் தப்பாத்தான் கட்டுறேன்னு சொல்ல வர்றியா?”

அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவர்கள்மேல் அக்காவுக்கு இன்னும் கோபம் வரும். பொறுப்பு என்றால் என்ன, உயிரின் விலை என்ன, மேலே மேசையில் படுத்திருப்பது யார் வீட்டுப் பிள்ளையோ என்று அவள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது நாலாவது லோடு முடிந்து இயந்திரம் மணியடித்தது. மேலேயிருந்து தள்ளுவண்டியோடு ஆள் வந்து நின்றான். கட்டுகளின் சூடு ஆறியது. அக்கா பேச்சை நிறுத்தவில்லை. சோதனைக் கட்டை எடுத்து ஜன்னல் பக்கத்து அலமாரியில் வைத்தாள். கையில் பேனா இருந்தது, அதுவரைக்கும் மடிப்பு அண்ணனை நோக்கி நீட்டி ஆட்டிக்கொண்டிருந்த பேனா. பதிவேட்டை இழுத்தாள். “பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு தம்பி” என்று சொல்லிக்கொண்டே ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டாள். தள்ளுவண்டி ஏழு கட்டுகளோடு மாடி ஏறியது.

ஒரு மணி நேரம் கழித்து அலமாரியில் கையுறை தேடும்போதுதான் கண்ணில் பட்டது. சோதனைக் கட்டு, வைத்த இடத்தில், வைத்த முடிச்சு வைத்தபடி.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. முடிச்சை அவிழ்த்தாள். துணியின் நாலு மடிப்பையும் விலக்கி அந்தத் துண்டை எடுத்தாள். பாதிவரைக்கும் கறுப்பு. மீதிப் பாதி காலையில் உள்ளே வைத்த அதே மஞ்சள்.

திரும்பினாள். மடிப்பு அண்ணன் அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். பிறகு தன் துணியை மடிக்கத் தொடங்கினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்பதும் அக்காவுக்குத் தெரிந்தது. அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பக்தியுள்ள மனசு சாக்குத் தேடுகிற வேகம் இருக்கிறதே, அதற்கு ஈடு எதுவுமே கிடையாது. நாலு மூச்சுக்குள் அக்காவின் மனசு நாலு சாக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தது. துண்டே பழசாக இருக்கும். நாடாக்கள் எல்லாம் கறுத்துத்தானே இருக்கின்றன. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள். கர்த்தருக்கு என் உள்ளம் தெரியும். அஞ்சாவதாக ஒன்று வந்தது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம்: இறுக்கிக் கட்டாதே என்று காலையிலேயே சொன்னேன், கேட்டானா? வாரா வாரம் அடுத்தவர் அட்டையைப் பார்த்து வயிறெரிந்தவள் இவள். பொய் டிக் போடத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தவள். பேனா அவள் கையிலேயே இருந்தது, டிக்கும் விழுந்துதான் இருந்தது.

மேலே ஒரு மனிதர் மேசையில் படுத்திருந்தார். யாரென்று அக்காவுக்குத் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் கால் தானாகத் தொலைபேசிக்குப் போனது. ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. ‘ஆண்டவரே, பொய் சொல்ல விடாதேயும்’ என்று மட்டும் வந்தது.

அறுவை அரங்கின் தலைமைச் சிஸ்டர் எடுத்தாள்.

“சிஸ்டர், நாலாவது லோடு கட்டு எதையும் தொடாதீங்க. பிரிச்சிருந்தா ஓரமா வச்சிடுங்க. சோதனைத் துண்டு பாதிதான் கறுத்திருக்கு.”

“என்ன அக்கா சொல்றீங்க? ஆளுக்கு மயக்க மருந்து கொடுத்தாச்சு. ஒரு கட்டு பிரிச்சு மேசைமேலே விரிச்சாச்சு. டாக்டர் கை கழுவிட்டிருக்கார்.”

“கத்தி வச்சாச்சா?”

“இன்னும் இல்லை.” சிஸ்டர் ஒரு நொடி நிறுத்தினாள். “மடிப்பு அண்ணன் இறுக்கிக் கட்டிட்டாரா? அவர் வேலைதான் நமக்குத் தெரியுமே.”

ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரைப் பொய்கூட இல்லை, கால் பொய். ஊரே நம்பத் தயாராக நிற்கிறது. தலையில் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், மடிப்பு அண்ணன் அதையும் சுமப்பார். அக்கா தொலைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லை சிஸ்டர். துண்டைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட்டேன். அவர் இல்லை, நான்.”

“மேசையில விரிச்சதை எடுங்க,” என்று சிஸ்டர் அரங்குக்குள் குரல் கொடுத்தது தொலைபேசியில் கேட்டது.

முன்னேற்பாடாக வைத்திருந்த கட்டுகளை வைத்து, ஐம்பது நிமிஷம் தாமதமாக அறுவை நடந்தது. அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அறுவை முடித்த கையோடு டாக்டர் படியிறங்கி வந்தார். வந்தவர் நேரே மடிப்பு அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

“நீதானே அது? மூணு வருஷத்துக்கு முன்னாடியும் நீதானே? மயக்கத்துல ஆளைப் போட்டு வச்சுக்கிட்டு நாங்க வேடிக்கை பார்க்கணுமா?”

அக்கா நடுவில் போய் நின்றாள். “டாக்டர், அவர்மேல ஒண்ணும் இல்லை. கையெழுத்து என்னோடது. என்னைத் திட்டுங்க.”

திட்டினார். நன்றாகவே திட்டினார். வயசாகிவிட்டது என்றார், வீட்டில் போய் உட்கார் என்றார், கோயில் பேச்சு மட்டும் குறைச்சலில்லை என்றார். வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நீராவி அக்கா எப்போது வெடிப்பாள் என்று காத்துக்கொண்டு நின்றார்கள். வெடிக்க அவளிடம் சரக்கு இல்லாமலில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு நாள் டாக்டர், நீங்கள் கருவியை எண்ணாமல் அனுப்பிய நாள் எத்தனை என்று எடுத்து விடட்டுமா என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். விழுங்கியது இனிக்கவில்லை. வானத்திலிருந்து சமாதானம் ஒன்றும் இறங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, காதெல்லாம் எரிய, அவர் முடிக்கும்வரை நின்றாள். அவ்வளவுதான்.

மத்தியானம் மெக்கானிக் வந்து இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார். கதவின் ரப்பர் வளையம் ஒரு பக்கம் வெடித்திருந்தது. காற்று உள்ளே கசிந்து நீராவி மூலைவரை போகவில்லை. “கட்டெல்லாம் சரியாத்தான் கட்டியிருக்கு,” என்றார் அவர், கேட்காமலே. மடிப்பு அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. காலையில் திட்டிய அத்தனை திட்டும் வீண் திட்டு என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு மேலாளர் அறை. மேலாளருக்கு அக்காமேல் மரியாதை. அந்த மரியாதையில்தான் வந்தது வினை.

“இதைப் பெரிசு பண்ண வேண்டாம் அக்கா. ரப்பர் பழுதுன்னு எழுதி முடிச்சிடலாம். நீங்க நல்ல பேரோட இருக்கீங்க.”

“ரப்பர் பழுது உண்மை. நான் பார்க்காம கையெழுத்துப் போட்டதும் உண்மை. அதுக்கு என்ன எழுதப் போறீங்க?”

“விடுங்க. வேலைப் பளுல நடந்தது.”

“மடிப்புத் தம்பிக்கு மட்டும் ஏன் வேலைப் பளு இல்லாமப் போச்சு?”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது வேற விஷயம். நீங்கதானே வந்து சொன்னீங்க? காகிதம் கொடுத்தே ஆகணும்னு என் மேசையில தட்டினது நீங்கதானே?”

அக்காவுக்கு அந்த மேசைத் தட்டல் நினைவுக்கு வந்தது. பிறகு வழக்கமான கோபம் வந்தது, ஆனால் இந்த முறை எங்கே போய் விழுவது என்று தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றியது. அவளை ஒரு மாதிரியும் மடிப்பு அண்ணனை வேறு மாதிரியும் நிறுக்கிற இந்த மனிதர்மேல் கோபம். அந்தத் தராசைக் கொண்டுவந்து வைத்தவள் தானே என்பதில் அதைவிடக் கோபம்.

“எழுதுங்க,” என்றாள். “அவருக்கு எழுதின அதே வார்த்தையைப் பார்த்து எழுதுங்க. இல்லேன்னா இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.”

மேலாளர் எழுதினார். அக்கா வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அக்கா எழுந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். பூசி மெழுகவில்லை. அவள் உட்காருவதற்குள் கைதட்டல் எழுந்தது. பாடல் குழுத் தலைவர், “என்ன ஒரு நேர்மை,” என்றார். வீட்டுச் சொந்தக்காரர் அவள் அட்டையை எடுத்து, “இனிமே அக்காவுக்கு ஏழு கட்டத்துலயும் டிக் போடலாம்,” என்று பேனாவைத் திறந்தார். போதகர் கண் கலங்கியிருந்தார்.

அக்கா அந்த அட்டையைப் பிடுங்கினாள்.

“கை தட்டாதீங்க. எதுக்குத் தட்டுறீங்க? ஒரு மனுஷனைக் கொன்னிருப்பேன், இன்னொரு மனுஷன்மேல பழியைப் போட்டிருப்பேன். கடைசி நொடியில போடலை. இதுக்குப் பேர் வெற்றியா? நாம என்ன சொன்னாலும் இங்கே வெற்றியா ஆகிடுது. விழுந்தேன்னு சொன்னா, ஆகா எவ்வளவு அழகா விழுந்தீங்கன்னு தட்டுறோம்.”

வீட்டுச் சொந்தக்காரர் பேனாவை மூடினார்.

“நான் இன்னும் அந்தத் தம்பிகிட்ட மன்னிப்பே கேட்கலை, தெரியுமா? செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரே அறையில நிக்கிறோம். வாய் வரலை. உங்ககிட்ட சொல்றது சுலபம். அதான் முதல்ல இங்கே ஓடி வந்தேன்.”

போதகர் மெதுவாகக் கேட்டார். “இந்தக் கூட்டம் உங்களுக்கு உதவவே இல்லையாம்மா?”

“உதவுச்சு ஐயா. நீங்க சொன்ன குணமெல்லாம் சரி. பொறுமைன்னா என்னன்னு நீங்க சொன்னதை இன்னும் வரி பிசகாம சொல்வேன். ஆனா டாக்டர் திட்டும்போதுதான் அது எவ்வளவு கனம்னு தெரிஞ்சுது. எனக்கு விசுவாசம் மலையளவு இருக்குன்னு நினைச்சுட்டிருந்தேன். ‘ஆமா’ங்கிற ஒரு வார்த்தையைச் சொல்லாம இருக்க நான் பட்ட பாட்டைப் பார்த்தா, கடுகளவுகூட இருந்ததான்னு சந்தேகமா இருக்கு. இப்பத்தான் முளைக்குதோ என்னவோ.”

அவள் கணவர் மட்டும் தலையை ஆட்டினார். அன்றைக்குக் கூட்டம் பாட்டில்லாமல் முடிந்தது.

மறுநாள் காலை அக்கா மடிப்பு மேசைக்கு எதிரே போய் நின்றாள். வீட்டில் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட நினைவில் இல்லை.

“தம்பி, என்னை மன்னிச்சிடு. செவ்வாய்க்கிழமை திட்டினதுக்கும், மூணு வருஷத்துக்கு முன்னாடி நடைபாதையில நிறுத்திப் பேசினதுக்கும்.”

மடிப்பு அண்ணன் கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். விளிம்பை விரலால் தேய்த்தார். அடுத்த துணியை எடுத்தார். அவர் தலையை நிமிர்த்தியபோது அந்தச் சாது முகம் சிவந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா அதைப் பார்த்ததில்லை.

“நான் அன்னைக்குச் செஞ்சது தப்புக்கா. அந்தக் காகிதம் எனக்கு வேணும்தான். பதவி போனதுக்குக்கூட நான் அழலை. ஆனா அன்னைக்கு என் பொண்ணு என் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுக்க லிஃப்ட்ல இறங்கி வந்தா. நீங்க கத்தும்போது உங்களுக்குப் பின்னாடிதான் நின்னா. கண்ணாடியைக் கொடுக்காமலே திரும்பிப் போயிட்டா.”

அக்காவுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

“மூணு வருஷமா வீட்டுல நான் எதைச் சொன்னாலும் அவ ஒரு நொடி யோசிக்கிறாக்கா. பால் வாங்கிட்டு வந்துட்டேன்னு சொன்னாக்கூட ஒரு நொடி. அந்த ஒரு நொடியை நீங்கதான் எங்க வீட்டுல கொண்டுவந்து போட்டீங்க.” அவர் துணியைக் கீழே வைத்தார். “நீங்க மன்னிப்புக் கேட்டதும் மன்னிச்சிட்டேன்னு சொல்லி உங்களை நிம்மதியா அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. என்கிட்ட கேட்காதீங்க. அவகிட்ட போய்ச் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா போனாள். மூன்றாம் மாடி. மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அப்பாவின் முகவெட்டு, ஆனால் அப்பாவின் குனிந்த பார்வை இல்லை. உள்ளே மடிப்பு அண்ணன் ஜன்னலோரம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் அக்காவை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

அக்கா வாசலில் நின்றபடியே சொன்னாள். “உங்க அப்பா பார்க்காம ஒரு தடவை கையெழுத்துப் போட்டது உண்மைம்மா. ஆனா அவர் பொய்யர் இல்லை. நான்தான் அந்தப் பேரை வச்சேன். போன வாரம் நானும் அதையே செஞ்சேன். அவர் பார்த்தார். ஒரு வார்த்தை யார்கிட்டேயும் சொல்லலை. நான் அவரைப் பண்ணினதை அவர் என்னைப் பண்ணலை. என்னை மன்னிச்சிடும்மா.”

அந்தப் பெண் யோசித்தாள். ஒரு நொடியல்ல, நிறைய நேரம்.

“அன்னைக்கு அந்த நடைபாதையில எத்தனை பேர் நின்னாங்க ஆன்ட்டி?”

“ஒரு பதினாலு பேர் இருக்கும்.”

“அவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?”

“இல்லைம்மா. உங்கிட்டதான் முதல்ல—”

“சொல்லிட்டு வாங்க. அப்புறம் உள்ளே உட்கார்ந்து பேசலாம்.”

கதவு சாத்தப்பட்டது. ஓங்கிச் சாத்தவில்லை, அமைதியாகத்தான் சாத்தினாள்.

படியிறங்கும்போது அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூணு மாடி ஏறி வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. மகள் வயசுதான் இருக்கும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கிறாள். இரண்டாம் மாடி வரும்வரைக்கும் இப்படியே பொருமினாள். முதல் மாடியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் கேட்டதில் எந்த வார்த்தை நியாயமில்லாதது என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. ‘ஆண்டவரே, அவள் கேட்டது சரிதான், எனக்குத்தான் பலமில்லை’ என்று படிக்கட்டில் நின்றபடியே சொன்னாள். இத்தனை வருஷம் அடுத்தவர் திருந்த வேண்டும் என்று நீளநீளமாக ஜெபித்தவள் தனக்காகக் கேட்ட ஜெபம் அவ்வளவு சின்னதாக இருந்தது.

திங்கட்கிழமை, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், அவள் லிஃப்ட் வாசலுக்குப் போனாள். அன்றைக்கு நின்றவர்களில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மீதிப் பேரை யோசித்து யோசித்துக் கையில் எழுதி வைத்திருந்தாள். முதல் பெயர் லிஃப்ட் இயக்குகிறவருடையது. கதவு திறந்தது. உள்ளே பிதுங்கப் பிதுங்க ஆள்.

“உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்,” என்றாள் அக்கா. “நம்ம மடிப்புத் தம்பியைப் பத்தி.”

“யாரு, பொய்க் கையெழுத்தா?” என்றார் லிஃப்ட்காரர், இயல்பாக, பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. “எங்க லிஃப்ட்ல எல்லாரும் அவரை அப்படித்தானே சொல்றோம். நீங்க வச்ச பேருதானேக்கா.” லிஃப்டுக்குள் இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருத்தி போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

அக்கா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். பன்னிரண்டு பெயர். மூன்று வருஷமாக அந்த லிஃப்ட் ஏறி இறங்கியவர்கள் எத்தனை பேரென்று யாருக்குத் தெரியும்? கதவு மூடப் போனது. அவள் தன் காலை வாசலில் வைத்துத் தடுத்தாள்.

“எல்லாரும் கேளுங்க,” என்றாள். “நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்தக் கதவை மூட விடமாட்டேன். பொய்க் கையெழுத்துப் போட்டது நான்.”